சந்தைக் கட்டணம் நீங்கினால் வரவுசெலவில் எவ்வளவு மிச்சம்?

வணக்கம். தொண்டிப் பகுதியில் குண்டு மிளகாய் வாங்கி விற்கும் உங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், மாநில அரசு சந்தைக் கட்டணத்தை நீக்கினால் அடுத்த ஆண்டு வரவுசெலவில் எவ்வளவு மிச்சம் காட்டலாம் என்று கேட்டிருந்தீர்கள்.

1987ஆம் ஆண்டின் மாநிலச் சந்தைப்படுத்துதல் சட்டப்படி, அறிவிக்கப்பட்ட விளைபொருளுக்கான கட்டணத்தைச் செலுத்த வேண்டியவர் வாங்குபவரே. ஆகவே உறுப்பினர்களிடம் நீங்கள் கொள்முதல் செய்யும் சரக்குக்கு மட்டுமே அது உங்கள் செலவு, அவர்கள் வெளி வியாபாரியிடம் நேரே விற்றதை இக்கணக்கில் சேர்க்கவே கூடாது. நூற்றுக்கு ஒரு ரூபாய் வீதம், 20 லட்சம் ரூபாய்க் கொள்முதலுக்கு 20,000 ரூபாய் வரும்.

அதை முழுவதும் மிச்சமென்று எழுதிவிடாதீர்கள் என்று வேண்டிக்கேட்கிறேன். கட்டணம், ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களை நடத்தும் விற்பனைக்குழுவின் நிதிக்குச் செல்கிறது. அந்த வரவு நின்றால் உலர்களத்தையும் கிடங்கையும் பராமரிக்க அரசு மானியம் ஒதுக்க வேண்டும், இல்லையேல் பயன்படுத்துவோருக்கு வாடகை கூடும். குலுக்கினால் உள்ளே விதை சலசலக்காத, அதாவது சரியாகக் காயாத மிளகாயை மூட்டை கட்டினால் பூஞ்சை பிடித்து விலை சரியும் என்பது உங்களுக்குத் தெரியும். கோடை மழை நாளில் நல்ல களம் கிடைக்காமல் போனால், அந்த 20,000 ரூபாய் ஒரே வாரத்தில் கரைந்துவிடும்.

மேலும், நம் பக்கம் பறிப்பு மாசியில் தொடங்கிச் சித்திரை வரை நீள்வதால், ஒரே பருவத்துச் சரக்கு இரண்டு நிதியாண்டுகளில் விழுகிறது. மார்ச் 31 வரையிலான கொள்முதலையும் அதன் பிறகானதையும் தனித்தனியே எழுதி, அரசாணை கைக்கு வரும்வரை கட்டணத்தைச் செலவாகவே வைத்திருங்கள்.