மாணவர் கூடும் இடத்தை எங்கிருந்து வரையத் தொடங்குவது?

கேள்வி: புதுச்சேரியில் கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வளாகத்தில் மாணவர்கள் கூடும் இடம் ஒன்றை வடிவமைக்கச் சொல்லியிருக்கிறார்கள். வட்டமான திறந்தவெளி அரங்கையும் சுற்றிலும் புல்வெளியையும் வரைந்தேன். "இதில் வளாக வாழ்க்கை எங்கே?" என்று கேட்டு ஆசிரியர் திருப்பிவிட்டார். என்ன செய்வது?

பதில்: ஆசிரியர் கேட்டது நியாயமே. திறந்தவெளி அரங்கு ஆண்டு விழாவுக்கு உதவும். மே மாத நண்பகலில் அதன் கான்கிரீட் படிகளில் யாரும் உட்காரமாட்டார்கள்.

முதலில் வளாகத்தின் வரைபடத்தை நான்கு பிரதிகள் எடுத்துக்கொண்டு, காலை, உணவு இடைவேளை, பிற்பகல், மாலை ஆகிய வேளைகளில் யார் எங்கே, எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்பதைக் குறியுங்கள். வண்டி நிறுத்துமிடத்தில் இருக்கையின் மேலேயே சாய்ந்து பேசுபவர்கள், மாடிப்படியின் கீழ்ப்படியில் அமர்ந்து ரெக்கார்டு எழுதுபவர்கள், கடலூர்ப் பேருந்துக்கு நேரம் பார்த்துக் காத்திருப்பவர்கள், கட்டிவந்த சாப்பாட்டைப் பிரிக்க இடம் தேடுபவர்கள் என எல்லாரும் அதில் வரவேண்டும். மாணவிகள் எந்த இடங்களைத் தவிர்க்கிறார்கள் என்பதைத் தனி நிறத்தில் காட்டுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

அந்தப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், கூட்டம் பெரும்பாலும் திடலின் நடுவில் இல்லாமல், நடைபாதையும் நிழலும் சந்திக்கும் ஓரங்களில் இருப்பது தெரியும். புதுச்சேரியின் தமிழர் பகுதி வீடுகளில் தாழ்வாரத்தின் கீழ் அமைந்த திண்ணை இதே இயல்பை ஒட்டியது: தெருவைப் பார்த்தபடி உட்காரலாம், ஆனால் தெருவில் நிற்பதாகாது. ஆகவே தனிக் கட்டடம் எழுப்புவதைவிட, ஏற்கெனவே உள்ள வகுப்பறைத் தொகுதியின் ஓரத்தை அகலப்படுத்துவதே சிறந்தது என்பது என் கருத்து. திண்ணை 45 சென்டிமீட்டர் உயரமும், சம்மணமிட்டு உட்காரத்தக்க 80 முதல் 90 சென்டிமீட்டர் அகலமும் கொண்டிருக்கட்டும். அருகில் சாப்பாட்டு டப்பா கழுவ ஒரு குழாயும், கைப்பேசிக்குச் சில மின்செருகிகளும் போதும்.

நிழலைக் கணக்கிட்டே வரைய வேண்டும். புதுச்சேரி ஏறத்தாழ வடக்கு 12 பாகையில் இருப்பதால், ஏப்ரல் இறுதியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே இருக்கும். வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்று பாடநூலை நம்பி விட்டுவிடாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையின் சாரலும் அடிப்பதால், வடக்கிலும் கிழக்கிலும் இறவாணம் (சுவரைத் தாண்டி நீளும் கூரை ஓரம்) ஆழமாக இருக்கவேண்டும். அதே சமயம் பிற்பகல் கடற்காற்றைக் கிழக்கில் சுவர் வைத்து மறிக்கக் கூடாது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைப் பாருங்கள், அனுமதி பெற்று உள்ளே செல்ல முடிந்தால் இன்னும் நல்லது. கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்து 1940களில் நிறைவுற்ற அந்தக் கட்டடத்தின் நீள முகங்கள் வடக்கும் தெற்கும் நோக்கியவை. திருப்பக்கூடிய கிடைப்பலகைகள் வெயிலைத் தடுத்துக்கொண்டே காற்றை உள்ளே விடுகின்றன.

அடுத்த மதிப்பீட்டுக்கு அந்த நான்கு வேளைப் படங்களை முதலில் ஒட்டுங்கள். அதன்பின், 1:50 அளவில் ஒரு வெட்டுத் தோற்றத்தை (கட்டடத்தை நெடுக்காக வெட்டினால் தெரிவதைக் காட்டும் படம்), உட்கார்ந்திருப்பவர்களையும் ஜூன், டிசம்பர் நண்பகல் நிழலையும் சேர்த்து வரைந்து வையுங்கள்.