ஆண்டுக்கு ஐந்து முறை எரியும் விளக்கு

கேள்வி: ஐயா, மோட்டார் அறையில் பழுது பார்க்கவும், இரவில் மெயின் பெட்டியில் ஃபியூஸ் கட்டவும் ஆண்டுக்கு ஐந்தாறு முறைதான் எனக்குக் கைவிளக்கு தேவைப்படுகிறது. இதுவரை வாங்கிய இரண்டு எமர்ஜென்சி லைட்டுகளும் வேண்டிய அன்று எரியவில்லை. சார்ஜ் செய்யும் எல்இடி ஒர்க் லைட் வாங்க விரும்புகிறேன். எதைப் பார்த்து வாங்குவது?
— வாசகர், காரைக்குடி

பதில்: தங்கள் பழைய விளக்குகளைக் கழற்றிப் பார்த்தால், செங்கல் துண்டு போலக் கனக்கும் ஈய-அமில பேட்டரி உள்ளே இருக்கக்கூடும். அது சும்மா இருக்கும்போதே மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். முழுவதும் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடுவதால், பிறகு இரவு முழுவதும் சார்ஜில் போட்டாலும் தேறாது. எப்போதாவது விளக்கை எடுப்பவருக்கு லித்தியம்-அயான் பேட்டரிதான் ஏற்றது. சும்மா வைத்திருந்தால் மாதத்துக்குச் சில விழுக்காடு மட்டுமே இறங்கும்.

அதிலும் 18650 எனப்படும், 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உள்ள செல்லைக் கழற்றி மாற்றக்கூடிய விளக்காகப் பாருங்கள். நல்ல செல்லின் கொள்ளளவு 2,000 முதல் 3,500 மில்லி ஆம்பியர்-மணி வரை இருக்கும். 9,900 என்று அச்சிட்டிருந்தால் பேசாமல் கீழே வைத்துவிடலாம்.

வெளிச்சத்தின் அளவான லூமென் கணக்கிலும் இதே மிகைப்படுத்தும் கதைதான். 2,600 கொள்ளளவுள்ள ஒரு செல்லில் ஏறத்தாழ 9.6 வாட்-மணி ஆற்றல் இருக்கிறது. ஒரு வாட்டுக்கு 100 லூமென் என்று கொண்டால், 300 லூமென் வெளிச்சம் மூன்று மணி நேரம் கிடைக்கும். அதே செல்லில் 3,000 லூமென் என்றால் இருபது நிமிடம்கூடத் தாங்காது. பழைய 60 வாட் குண்டு பல்பே ஏறத்தாழ 800 லூமென்தான் என்பதால், கையெட்டும் தூரத்து வேலைக்கு 300 தாராளம்.

ஒரு கையில் விளக்கும் மறு கையில் ஸ்பேனருமாக நின்றவருக்குக் காந்தத்தின் அருமை தெரியும். ஆனால் அது இரும்பில் மட்டுமே ஒட்டும், பிளாஸ்டிக் பெட்டியில் ஒட்டாது என்பதால் கொக்கியும் இருக்கட்டும். ஒயர்களின் சிவப்பும் பழுப்பும் மயங்காமல் தெரிய, நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதைச் சொல்லும் சிஆர்ஐ எண் 80-க்குக் குறையாமல், முடிந்தால் 90 உள்ளதாக வாங்குங்கள். சார்ஜ் துளை டைப்-சி ஆக இருப்பது நல்லது. இருமுனையும் டைப்-சி உள்ள கேபிளில் ஏறுகிறதா என்று கடையிலேயே செருகிப் பார்த்துவிடுங்கள், சில மலிவு விளக்குகள் ஏற்பதில்லை.

வெயிலில் கொதிக்கும் மோட்டார் அறையில் விளக்கை வைக்காமல், பாதிக்குச் சற்று மேல் சார்ஜ் ஏற்றி வீட்டுக்குள் வையுங்கள். சித்திரை, ஆடி, ஐப்பசி, தை ஆகிய மாதங்களின் முதல் நாளில் எடுத்துச் சோதித்து, இறங்கியிருந்தால் ஏற்றிவிட்டால் போதும். பழைய ஈய பேட்டரிகளைக் குப்பையில் போடாமல் பேட்டரி கடையில் கொடுங்கள், எடைக்கு எடுத்துக்கொள்வார்கள்.