ரோம் போகிறவர் எந்தக் கையேட்டை வாங்கலாம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நானும் மனைவியும் வரும் அக்டோபரில் ரோம் போகிறோம். ஐந்து நாள் தங்கல். ஜெர்மனியில் இருக்கும் மகள்தான் எல்லா ஏற்பாடும் செய்கிறாள். ஓய்வு பெற்றதிலிருந்து நாங்கள் இருவரும் சோழர் கோயில்களாகப் பார்த்து வருகிறோம். அவசரமில்லாமல் நின்று பார்க்கிற பழக்கம் உண்டு. ரோமுக்கு ஒரு நல்ல வழிகாட்டி நூல் வாங்கலாம் என்று கடைக்குப் போனால், ஓர் அலமாரி நிறைய இருக்கிறது. ஒன்றில் பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம், இன்னொன்றில் படமே இல்லாமல் பொடி எழுத்து. "போனிலேயே எல்லாம் இருக்கும்போது புத்தகம் எதுக்குப்பா?" என்கிறாள் மகள். எங்களுக்கு இடிபாடுகளும் வேண்டும், ஓவியங்களும் வேண்டும். எதை வாங்குவது? கூடவே ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர், கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் பதில். இரண்டு புத்தகம் வாங்குங்கள். இடிபாடுகளுக்கு அமாண்டா கிளாரிட்ஜ் எழுதிய ஆக்ஸ்ஃபோர்டு தொல்லியல் வழிகாட்டி. 1998இல் வந்த நூல், 2010இல் விரிவான இரண்டாம் பதிப்பு வந்தது. பழைய பதிப்பு மலிவாகக் கிடைத்தாலும் இரண்டாம் பதிப்பையே வாங்குங்கள். தேவாலயங்கள், ஓவியங்கள், அருங்காட்சியகங்களுக்கு ப்ளூ கைடு வரிசையில் ஆல்டா மகாடம் எழுதிய ரோம் நூல். நீங்கள் கடையில் பார்த்த பொடி எழுத்துப் புத்தகம் அநேகமாக இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்றுதான் முடியும் என்றால் ப்ளூ கைடு, ஏனென்றால் அதில் இடிபாடுகளும் உண்டு. கிளாரிட்ஜில் பழைய ரோம் மட்டும்தான். மறுமலர்ச்சிக் கால ஓவியம் எதையும் அதில் தேடக் கூடாது.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். மறுபடி கடைக்குப் போகும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். கையில் எடுக்கிற ஒவ்வொரு கையேட்டிலும் பழைய ரோமின் பொதுச்சதுக்கமான ஃபோரத்தில் உள்ள அன்டோனினஸ், ஃபௌஸ்டினா கோயில் வரும் பக்கத்தைப் பிரியுங்கள். ஃபோரத்துக்குள் நடக்கிற எவர் கண்ணுக்கும் தப்பாத கட்டடம் அது. முன்வரிசையில் 6 தூண்கள், ஒவ்வொன்றும் ஒரே கல், 17 மீட்டர் உயரம். அவற்றுக்குப் பின்னால் ஒரு தேவாலயத்தின் முகப்பு எட்டிப் பார்க்கும். வண்ணப்பட நூல்கள் "இரண்டாம் நூற்றாண்டுக் கோயில், பின்னர் தேவாலயமானது" என்று ஒரு வரி எழுதி, மாலை வெயிலில் எடுத்த ஒரு படத்தைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். சொன்னது பொய்யில்லை. ஆனால் நீங்கள் அந்த இடத்தில் போய் நிற்கும்போது எதைப் பார்ப்பது என்று அந்த ஒரு வரி சொல்வதில்லை.

அங்கே பார்க்க எவ்வளவு இருக்கிறது! தூண்களுக்கு மேலே கல்வெட்டு இரண்டு வரியில் இருக்கும். கீழ்வரிதான் முதலில் வெட்டியது. மறைந்த பேரரசி ஃபௌஸ்டினாவுக்காக 141இல் தொடங்கிய கோயில் இது. கணவர் அன்டோனினஸ் பயஸ் 161இல் இறந்ததும், மேலே அலங்காரப் பட்டையில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். இருபது ஆண்டு இடைவெளி அந்த இரண்டு வரிக்கு நடுவில் இருக்கிறது. அப்புறம் தூண்களின் மேல்பகுதியைப் பாருங்கள், சாய்வாகச் சில வெட்டுகள் தெரியும். கயிறு கட்டித் தூண்களைச் சாய்க்கப் பார்த்த தடம் என்று சொல்வார்கள். இனி அந்தத் தேவாலயத்தின் கதவு. அது கோயிலின் படிகளுக்கு வெகு மேலே, அந்தரத்தில் இருக்கிறது. அந்தப் பக்கமிருந்து யாரும் ஏறிப் போக முடியாது. முகப்பு 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அப்போது தரை அந்த உயரத்தில்தான் இருந்தது. நூற்றாண்டுகளாகச் சேர்ந்த மண்ணுக்கு மேலே மாடு மேய்ந்துகொண்டிருந்தது, ஃபோரத்தையே மாட்டுத் திடல் என்றுதான் ஊரார் அழைத்தார்கள். பிறகு அகழ்ந்து மண்ணை அள்ளியதும் கதவு மேலேயே நின்றுவிட்டது. ரோம் எப்படிப் புதைந்தது, எப்படி வெளியே வந்தது என்பதை ஒரு கதவை வைத்தே புரிந்துகொள்ளலாம். இதையெல்லாம் காட்டிக்கொடுக்கிற புத்தகத்தை வாங்குங்கள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் தாராசுரம் இருக்கிறது, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கருவறைச் சுவரின் அடியில் நாயன்மார் கதைகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக, பெயர் பொறித்து, வரிசையாக இருப்பது தெரியாமல் போகிறவர், கோயிலை முழுக்கச் சுற்றிவிட்டும் அதைப் பார்க்காமல் திரும்பிவிடுவார். இத்தனைக்கும் அது அவர் முழங்கால் பக்கத்திலேயே இருந்திருக்கும்.

ஃபோரத்திலேயே இருக்கும் பேரரசர் செப்டிமியஸ் செவெரஸின் வெற்றி வளைவிலும் இதே கதைதான். 203இல் கட்டியது. எல்லோரும் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். மேலே உள்ள நீண்ட கல்வெட்டின் நான்காம் வரியில் முதலில் இளைய மகன் கெட்டாவின் பெயர் இருந்தது. 211இல் அண்ணன் காரகல்லா தம்பியைக் கொன்றான், நாடு முழுக்க அவன் பெயரை அழிக்கச் சொன்னான். வளைவில் இருந்த பெயரையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அரசர்களைப் புகழும் சொற்களைப் போட்டார்கள். ஆனால் எழுத்துகள் வெண்கலத்தால் ஆனவை, கல்லில் துளையிட்டுப் பொருத்தியவை. பழைய எழுத்துகளுக்குப் போட்ட துளைகள் இன்னும் அங்கேயே இருக்கின்றன. அந்தத் துளைகளை வைத்துத்தான் அழித்த பெயரை ஆய்வாளர்கள் மறுபடி படித்தார்கள். கல்வெட்டு நல்ல உயரத்தில் இருப்பதால் சின்ன பைனாகுலர் ஒன்று கொண்டுபோங்கள். டிராஜன் தூணின் சிற்பங்களுக்கும் வத்திக்கானில் சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரை ஓவியங்களுக்கும் அது உதவும்.

படத்தைவிடத் தரைப்படம் முக்கியம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீங்கள் நேரில் பார்க்கப்போகும் தூணின் படம் புத்தகத்தில் எதற்கு? அங்கே இல்லாமல் போன சுவர் எங்கே ஓடியது என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டும். பசிலிக்கா ஜூலியா என்ற பழைய பொதுக்கூடம் இன்று படிகளும் அடித்தூண்களும் மட்டும்தான். தரைப்படம் இல்லாமல் அது ஒரு காலி மைதானம். தரைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் நடுக்கூடம், சுற்றுத்தாழ்வாரம் எல்லாம் பிடிபட ஆரம்பிக்கும். கிளாரிட்ஜின் பெரிய பலமே இதுதான். நூல் 500 பக்கத்துக்கு மேல் இருக்கிறது, ஏராளமான தரைப்படங்கள். வேண்டிய பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபௌஸ்டினா கோயிலைத் தாண்டி டைட்டஸ் வளைவை நோக்கி நடந்தால் இடப்பக்கம் மாக்சென்டியஸ் பசிலிக்காவின் பெரிய வளைகூரைகள் வரும். அந்தக் கட்டடம் வருவதற்கு முன் அதே இடத்தில் பேரரசர் டொமிஷியன் காலத்து மிளகுக் கிடங்கு இருந்தது. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதாக அகநானூறு சொல்கிறதே, அந்த மிளகு போய்ச் சேர்ந்த ஊரில், அதைச் சேமித்து வைத்த இடம். முசிறியிலிருந்து கப்பலேறிய மூட்டைகள் அங்கே இறங்கியிருக்கும் என்ற நினைப்போடு அந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள்.

சரி, ஓவியங்களுக்கு வருகிறேன். சான் லூயிஜி தேய் ஃபிரான்செசி தேவாலயத்தில் இடப்பக்கக் கடைசிச் சிற்றாலயத்தில் ஓவியர் கரவாஜியோ புனித மத்தேயுவைப் பற்றி வரைந்த ஓவியங்கள் மூன்று இருக்கின்றன, 1599க்கும் 1602க்கும் இடையில் வரைந்தவை. இடச்சுவரில் இருப்பது மத்தேயுவை இயேசு அழைக்கும் காட்சி. அதில் வெளிச்சம் வலப்பக்கம் மேலிருந்து விழும். தலையைத் திருப்பினால், பலிபீடத்துக்கு மேலே நிஜமான ஜன்னல் அதே பக்கம் இருக்கும். அந்தச் சுவருக்காக, அந்த ஜன்னலை மனத்தில் வைத்து வரைந்தது இது. எந்த அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய் மாட்டினாலும் பாதி போய்விடும். ஓவியரின் வாழ்க்கைக் கதையை எல்லாப் புத்தகமும் சொல்லும். எங்கே நின்று எந்தப் பக்கம் பார்ப்பது என்று சொல்லும் புத்தகம் குறைவு. இன்னொரு விஷயம், இந்தத் தேவாலயங்களில் காசு போட்டால்தான் விளக்கு எரியும். சில்லறையாக யூரோ நாணயங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இடிபாடு ஒரு புத்தகம், கலை ஒரு புத்தகம் என்று நான் பிரித்துச் சொன்னாலும், ரோம் அப்படிப் பிரிந்து கிடக்கவில்லை. சான் கிளெமென்டேவுக்குக் கட்டாயம் போங்கள், இரண்டு புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். தெருவிலிருந்து நுழைவது 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், பலிபீடத்துக்கு மேலே பொன் மொசைக். படியிறங்கினால் அதற்கு அடியில் 4ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், சுவரோவியங்களோடு. அவற்றில் ஒன்றில், வேலைக்காரர்களை அதட்டும் எசமானனின் வசவு, அக்காலப் பேச்சு இத்தாலியத்தில் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. அதற்கும் கீழே இறங்கினால் ரோமானியர் காலத்துக் கட்டடங்களும் மித்ராஸ் என்ற தெய்வத்தின் வழிபாட்டு அறையும். 1857இல் அங்கிருந்த அயர்லாந்துத் துறவி ஜோசப் முல்லூலி தோண்ட ஆரம்பித்துக் கண்டுபிடித்தது இதெல்லாம். உங்கள் மனைவிக்கு முழங்கால் வலி ஏதும் இருந்தால் படிகளைப் பொறுமையாக இறங்கச் சொல்லுங்கள், கீழே ஈரமாக இருக்கும்.

மகள் சொல்வதும் சரிதான், ஆனால் பாதிக்கு. நேரம், கட்டணம், முன்பதிவு, எந்தக் கூடம் பழுதுபார்ப்புக்காக மூடியிருக்கிறது, இதற்கெல்லாம் போன்தான். பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனில் 2023 ஜூலை முதல் கட்டணம் வாங்குகிறார்கள். அதற்கு முன் அச்சான எந்தப் புத்தகமும் இலவசம் என்றுதான் சொல்லும், அதற்காக அந்தப் புத்தகத்தைக் குறை சொல்லக் கூடாது. கொலோசியம், வத்திக்கான் இரண்டுக்கும் அதிகாரபூர்வத் தளத்திலேயே முன்கூட்டி டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள். தேவாலயங்கள் பல மதியம் சில மணி நேரம் மூடிவிடும், அதையும் அவளையே பார்த்து வைக்கச் சொல்லுங்கள். ஆனால் ஒரு கட்டடத்தின் முன் நின்று போனில் தேடினால் பத்துப் பேர் எழுதிய ஒரே மூன்று தகவல்தான் திரும்பத் திரும்ப வரும். முப்பது வருஷம் அந்தக் கற்களோடு பழகிய ஒருவர் உங்களுக்காக முன்னுரிமை போட்டுத் தந்ததற்கு அது ஈடாகாது.

வழிகாட்டி அமர்த்துவதென்றால் ஃபோரத்துக்கும் பாலடைன் குன்றுக்கும் மட்டும், உரிமம் பெற்றவராகப் பார்த்து, முதல் நாளே. இடம் பிடிபட்டுவிடும். மறுநாள் அங்கேயே புத்தகத்தோடு தனியாகப் போங்கள், பெரும்பயன் அப்போதுதான். தேவாலயங்களுக்கு யாரும் வேண்டாம், நீங்கள் இருவரும் போதும்.

அந்த வண்ணப்பட நூலை ஒதுக்கியே விட வேண்டும் என்றும் இல்லை. கொலோசியத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டும் சித்திரங்கள் அவற்றில் அருமையாக இருக்கும். நூலகத்தில் கிடைத்தால் எடுத்து இருவரும் பார்த்துவிட்டுப் போங்கள், விலை கொடுத்து வாங்கிச் சுமக்க வேண்டாம். கிளாரிட்ஜை மட்டும் இந்த வாரமே வரவழையுங்கள். தொடக்கத்தில் ரோமானியரின் கட்டுமானப் பொருள்களையும் முறைகளையும் பற்றி ஒரு பகுதி வரும். செங்கல், கான்கிரீட், எரிமலைக் கல் என்று அதைப் பொறுமையாகப் படித்துவிட்டுப் போனால், எந்தச் சுவர் எந்தக் காலத்தது என்று நீங்களே சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள். சோழர் தளிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது கஷ்டமே இல்லை.

அன்புடன்.