பாட வந்தவனிடம் மட்டும் ஏன் இந்தக் கேள்வி?

கேள்வி: 'கல்லி பாய்' (தெருப் பையன்) இந்திப் படத்தை இப்போதுதான் பார்த்தேன். தாராவியில் ஒரு டிரைவரின் மகன், உத்தியோகம் வேண்டாம் என்று ராப் பாடப் போகிறான். கடைசியில் ஜெயித்தும்விடுகிறான். குடிசைப் பிள்ளைகளுக்கு இப்படிப் பொய் ஆசை காட்டலாமா? ஒழுங்காகப் படித்து வேலைக்குப் போ என்றல்லவா சொல்ல வேண்டும்?
– வாசகர், திருப்பூர்

பதில்: படத்தில் நாயகன் முராதின் அப்பாவும் இதையேதான் கேட்கிறார். நம் நிலைமைக்குத் தக்க கனவு காண் என்கிறார். கனவுக்காக நிலைமையை மாற்றுவேன், நிலைமைக்காகக் கனவை மாற்ற மாட்டேன் என்கிறான் மகன். நான் மகன் பக்கம்.

அவன் படிப்பை விட்டுவிட்டு ஓடியவன் இல்லை. கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறான். அப்பாவுக்கு அடிபட்டதும் அவர் ஓட்டிய முதலாளியின் காரை இவன் ஓட்டுகிறான். அந்தக் காருக்குள் நடக்கும் ஒரு காட்சியை நீங்கள் இன்னொரு முறை பார்க்க வேண்டும். முதலாளியின் மகள் மேற்படிப்பு வேண்டாம் என்கிறாள். முதலாளி முராதிடம், நீ பட்டதாரியா என்று கேட்கிறார். கடைசி வருடம் என்கிறான். உடனே அவர் மகள் பக்கம் திரும்பி, பார், இவனும் பட்டதாரிதான், நீயும் இவனும் ஒன்றா என்கிறார். அவன் காதில் விழுமே என்ற எண்ணம்கூட அவருக்கு இல்லை. ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு அந்தக் காருக்குள் கிடைத்த மரியாதை இவ்வளவுதான். அப்புறம் மாமா தயவில் ஓர் அலுவலக வேலையும் கிடைக்கிறது. வேலைக்காரன் மகன் வேலைக்காரனாகத்தான் ஆவான் என்று சொல்பவரும் அதே மாமாதான். நீங்கள் சொல்லும் வழியிலும் போய்ப் பார்த்த பிறகுதான் பாட்டே போதும் என்று அவன் முடிவெடுக்கிறான்.

வசதியான வீட்டுப் பையன் வேலையை உதறிவிட்டு கிடாரைத் தூக்கினால் நாம் அதைத் துணிச்சல் என்கிறோம், பேட்டி எடுக்கிறோம். தாராவிப் பையன் பாட வந்தால் மட்டும் சோற்றுக்கு என்ன வழி என்று கேட்கிறோம். உங்களை மட்டும் சொல்லவில்லை, பத்திரிகைக்காரர்களும் இப்படித்தான் கேட்கிறோம். இந்தப் பாரபட்சம் எனக்கு உறுத்துகிறது.

சரி, ஏன் ராப்? பாட்டு வாத்தியார் வேண்டாம், வாத்தியம் வாங்க வேண்டாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தாளத்தை ஓடவிட்டு, தன் தெருவில் நடப்பதைத் தன் தெருப் பேச்சிலேயே சொல்ல முடிகிற கலை இது. இந்தப் படத்துக்குத் தூண்டுதலாக இருந்த இரண்டு பேரில் ஒருவர் நெய்ஸி, மும்பை குர்லாக்காரர். 2014-இல் 'ஆஃபத்' என்ற பாட்டை ஒரு ஐபேடிலேயே பதிவு செய்து, அதிலேயே படமும் பிடித்து வெளியிட்டார். இன்னொருவர் டிவைன், அந்தேரி ஜே.பி. நகர்க்காரர். ஆங்கிலத்தில் ராப் பாடத் தொடங்கி, பிறகு மும்பைத் தெரு இந்திக்கு மாறியவர். 2015-இல் இருவரும் சேர்ந்து 'மேரே கல்லி மே' (என் தெருவில்) பாடினார்கள். அப்போது இந்தி சினிமாவில் ராப் என்றால் பெரும்பாலும் காரும் குடியும் பெண்களும்தான். இவர்கள் சந்தையும் சாக்கடையும் போலீஸும் நண்பர்களும் உள்ள தெருவைப் பாடினார்கள். இயக்குநர் ஜோயா அக்தர் அதன் பிறகுதான் வருகிறார். ஆகவே அந்தப் பிள்ளைகளுக்கு ஆசை காட்டியது சினிமா இல்லை. அவர்கள் பாடியதால்தான் இந்த சினிமாவே வந்தது.

படத்தில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பொய் ஆசை என்று நீங்கள் சொல்வது ஓர் இடத்துக்குப் பொருந்தும். அது அந்தப் போட்டி. அமெரிக்க ராப் பாடகர் நாஸ் மும்பைக்கு வருகிறார், ஜெயிப்பவனுக்கு அவருடைய மேடையில் பாட இடம், லட்சக்கணக்கில் பரிசு. ஒருவன் மேலே போனால் எல்லாம் சரியாகிவிட்டது போலப் படம் முடிகிறது. நிஜத்தில் இது கூட்டமாக வளர்ந்த கலை. பூங்காவில் வட்டமாக நின்று ஒருவர் மாற்றி ஒருவர் பாடிப் பழகினார்கள். தாராவியில் சின்னப் பிள்ளைகளுக்கு பிரேக் டான்ஸும், வாயாலேயே தாளம் போடும் பீட்பாக்ஸும் இலவசமாகச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியே நடந்தது. படத்தின் 'இந்தியா 91' பாட்டில் குஜராத்தியில் ராப் பாடிய டோட்ஃபோட் என்ற இளைஞர் 2022-இல் 24 வயதில் இறந்துபோனார். இத்தனை பேருடைய உழைப்பு, ரன்வீர் சிங் என்ற ஒரு நட்சத்திரத்தின் முகத்தில் வந்து சேர்கிறது. நன்றாகத்தான் நடித்திருக்கிறார். ஆனால் 'மேரே கல்லி மே' பாட்டையும் அவர் குரல் சேர்த்து மறுபடி பதிவு செய்யத்தான் வேண்டுமா?

இதைவிட எனக்கு வலித்தது 'ஆசாதி' (விடுதலை) பாட்டு. 2016-இல் டெல்லி ஜே.என்.யூ. பல்கலைக்கழகத்தில் மாணவர் தலைவர் கன்னையா குமார் எழுப்பிய முழக்கத்தை வைத்து இசையமைப்பாளர் டப் சர்மா அதே ஆண்டு உருவாக்கிய பாட்டு அது. அந்த முழக்கத்தில் மனுவாதத்திலிருந்து விடுதலை, பார்ப்பனியத்திலிருந்து விடுதலை என்று நேராகவே வரும். படத்துக்கு வந்தபோது பசியும் பேதமும் இருக்கின்றன, சாதியைச் சுட்டிய வரிகளைக் காணோம். தாராவியில் தோல் பதனிடும் வேலைக்கு வந்து சேர்ந்தவர்கள் யார், ஏன் அவர்கள் மட்டும் வந்தார்கள் என்று பார்த்தால், அந்த வரிகளை எடுத்துவிட்டு தாராவிக் கதையைச் சொல்ல முடியாது என்பது புரியும். படம் தயங்கிய இடம் இதுதான்.

ஒரு முஸ்லிம் குடும்பத்தை வெடிகுண்டு இல்லாமல், தேசபக்திப் பரீட்சை வைக்காமல், ஒரு சாதாரண வீடாகக் காட்டியதற்காக மட்டும் இந்தக் குறைகளையும் மீறி நான் இந்தப் படத்தை மதிக்கிறேன். பெர்லின் திரைப்பட விழாவுக்குப் போனதும், ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பியதும், 13 ஃபிலிம்ஃபேர் விருதுகள் வாங்கியதும் எனக்கு அதற்கு அடுத்துத்தான்.

தாராவியில் தலைமுறைகளாக வாழும் தமிழர்களின் பிள்ளைகளும் இதே தெருக்களில் ராப் பாடுகிறார்கள். 'கல்லி பாய்' வருவதற்கு எட்டு மாதம் முன்பு, 2018 ஜூனில் வந்த 'காலா'வில் டோப்அடெலிக்ஸ் என்ற தாராவிக் குழு பாடியிருக்கிறது. நிலத்தைப் பறிக்காதே என்று ஒரு குடியிருப்பே சேர்ந்து நிற்கும் கதை அது. அந்தப் படத்தின் 'தெருவிளக்கு', 'போராடுவோம்' இரண்டையும் கேளுங்கள். போட்டியும் பரிசும் இல்லாமல் இவர்கள் எதற்குப் பாடுகிறார்கள் என்பது அவற்றில் இருக்கிறது. கேட்டுவிட்டு எழுதுங்கள்.