சுறாவும் சர்வதேசச் சட்டமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சுறாப்புட்டு சாப்பிடுவது சட்டப்படி குற்றமா?

இல்லை, தாராளமாகச் சாப்பிடலாம். வேளா (ரம்பம் போன்ற மூக்குள்ள மீன்), அம்மணி உழுவை (திமிங்கலச் சுறா), கங்கைச் சுறா போன்ற சில இனங்களைத்தான் இந்தியாவில் பிடிக்கவே கூடாது. 2001-ல் எல்லாச் சுறாக்களையும் திருக்கைகளையும் ஒரேயடியாகத் தடைப் பட்டியலில் சேர்த்தார்கள். மீனவர்கள் கொதித்தெழ, சில மாதங்களிலேயே பட்டியல் சுருங்கியது. புட்டுக்கு வாங்கும் பால்சுறா அதில் இல்லை.

சைட்டிஸ் (CITES: அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய) ஒப்பந்தம் சுறா பிடிப்பதைத் தடை செய்துவிட்டது என்கிறார்களே?

பலரும் குழம்பும் இடம் இது. சைட்டிஸ் மீன்பிடிச் சட்டம் அல்ல, வணிகச் சட்டம். உள்ளூரில் பிடித்து உள்ளூரில் விற்றால் அது தலையிடாது. சரக்கு எல்லை தாண்டும்போதுதான் கேள்வி வரும். சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் (கட்டுப்பாட்டோடு வணிகம் செய்யக்கூடியவை) உள்ள இனத்தை ஏற்றுமதி செய்ய, 'இதனால் அந்த இனத்துக்குப் பாதிப்பில்லை' என்று நாட்டின் அறிவியல் அமைப்பு சொல்ல வேண்டும். யாருக்கும் சொந்தமில்லாத ஆழ்கடலில் பிடித்துத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தாலும் அது வணிகக் கணக்கில்தான் சேரும்.

2022-ல் பனாமா மாநாட்டில் பால்சுறாவின் குடும்பம் முழுவதையும், அதாவது 54 இனங்களை, இந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். உண்மையில் ஆபத்தில் இருப்பவை என்று முன்வைக்கப்பட்டவை 19 மட்டுமே. மற்றவை ஏன்? காய்ந்த துடுப்புகளை மேசையில் பரப்பிப் பாருங்கள். கொம்பன் சுறாவின் முதுகுத் துடுப்பு ஒல்லியாக, உயரமாக நிற்கும். வெண்முனைச் சுறாவுடையது நுனி உருண்டு, வெள்ளைத் திட்டோடு இருக்கும். இவற்றைச் சுங்க அதிகாரி கண்டுபிடித்துவிடலாம். பாக்கியெல்லாம் ஒரே சாம்பல் நிறம். அதனால்தான் கூண்டோடு சேர்த்தார்கள். எனக்கு இது சரியாகவே படுகிறது.

துடுப்பை மட்டும் வெட்டிக்கொண்டு உடலைக் கடலில் வீசலாமா?

கூடாது. 2013 முதல் இந்தியாவில் சுறாவைத் துடுப்போடு முழுதாகத்தான் கரைக்குக் கொண்டுவர வேண்டும். 2015 முதல் துடுப்பு ஏற்றுமதிக்கும் தடை.

ஆயிரங்கால் தூண்டிலில் (ஒரே நீளக் கயிற்றில் ஏராளமான முட்கள் கட்டியது) நீள்வால் சுறா தானாக மாட்டினால் என்ன செய்வது?

இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையத்தின் விதிப்படி, அதன் பதிவில் உள்ள படகுகள் அதை வைத்திருக்கவோ, கரையில் இறக்கவோ, விற்கவோ கூடாது. உயிரோடு இருந்தால் காயப்படுத்தாமல் விட வேண்டும். செத்து வந்தால்? அப்போதும் கடலில்தான் போட வேண்டும். 'செத்த மீனை வீசி யாருக்கு லாபம்?' என்று குமரி மாவட்டத் தூத்தூர் மீனவர் கேட்டால் அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் செத்ததை விற்கலாம் என்று விட்டால், மாட்டுவதெல்லாம் செத்தே வரும்.

வெளிநாட்டில் சுறாப் பல் மாலை வாங்கி வரலாமா?

எந்தச் சுறா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பெரும் வெள்ளைச் சுறா 2004-லேயே சைட்டிஸ் பட்டியலுக்கு வந்துவிட்டது. சுங்கத்தில் அனுமதிச் சீட்டு கேட்டால் கடை ரசீதைக் காட்டிப் பயனில்லை.