4 அடி மீன் தொட்டியை 6 மில்லிமீட்டர் கண்ணாடியில் வீட்டிலேயே ஒட்டலாமா?

4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். 6 மில்லிமீட்டர் கண்ணாடியைக் கடையில் வெட்டி வாங்கி வீட்டில் ஒட்டலாமா, கடைத் தொட்டியை விட மலிவா என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. ஒட்டலாம். 6 மில்லிமீட்டரில் வேண்டாம். முதல் தொட்டியாகவும் அது வேண்டாம்.

நான் திருகோணமலை, உவர்மலைப் பக்கம். இதுவரை நாலு தொட்டி ஒட்டியிருக்கிறேன். மூன்றில் இப்போதும் மீன் ஓடுகிறது. முதலாவதின் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கண்ணாடியின் தடிப்பு. எல்லாரும் "எத்தனை லீட்டர் தொட்டி" என்றுதான் கேட்பார்கள். கண்ணாடிக்கு லீட்டர் தெரியாது, ஆழம்தான் தெரியும். கந்தளாய்க் குளக்கட்டில் நின்று பார்த்திருப்பீர்கள். குளக்கோட்டன் கட்டினதென்று நம்மூரில் சொல்வோம், சரித்திரக்காரர் அக்கபோதி மன்னன் பெயரைச் சொல்வார்கள். யார் கட்டினாலும் கட்டின் அடி அகலம், தலை ஒடுக்கம். குளம் எவ்வளவு தூரம் விரிந்து கிடக்கிறது என்பதற்கும் கட்டின் மேல் விழும் அழுத்தத்துக்கும் சம்பந்தமில்லை, அந்த இடத்தில் தண்ணி எவ்வளவு ஆழம் என்பதே கணக்கு. 1986 ஏப்ரல் 20 அதிகாலை அந்தக் கட்டு உடைத்ததை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றைக்கும் பேசுவார்கள். சுவரில் சாய்ந்து நிற்கும் தண்ணியை இந்த மாவட்டத்தில் யாரும் விளையாட்டாக எடுப்பதில்லை.

தொட்டிக்கும் அதே கதைதான். 2 அடி நீளத் தொட்டியில் 34 சென்ரிமீட்டர் தண்ணி நின்றால் முன்கண்ணாடியை மட்டும் ஏறக்குறைய 35 கிலோ பாரத்தளவு விசை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். இரவும் பகலும். அதே நீளத்தில் தண்ணியின் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் அந்தத் தள்ளு நாலு மடங்காகிவிடும். அகலத்தைக் கூட்டினால் முன்கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே பெரிய தொட்டி வேண்டுமென்று ஆசையிருந்தால் உயரத்தைக் கூட்டாமல் அகலத்தைக் கூட்டுங்கள். மீனுக்கும் அதுதான் நல்லது, காற்றுப் படும் பரப்புக் கூடும்.

உங்கள் 4 அடிக்கு ஒன்றரை அடி உயரம் என்றால் நான் 10 மில்லிமீட்டர்தான் போடுவேன், மேல் விளிம்பைச் சுற்றி இரண்டு அங்குலக் கண்ணாடிப் பட்டியும் ஒட்டுவேன். நடுப்பகுதி வயிறு தள்ளாமல் பிடிப்பது அந்தப் பட்டிதான். உயரம் ஓரடியோடு நின்றால், பட்டியும் போட்டால், 6 மில்லிமீட்டரைப் பற்றிப் பேசலாம். நீங்கள் கேட்ட ஒன்றரை அடி உயரத் தொட்டியை விளிம்பு வரை நிரப்பினால் 250 லீட்டர் வரை பிடிக்கும். தண்ணி மட்டுமே கால் தொன். மேசையை யோசியுங்கள்.

முதல் தடவைக்கு 2 அடி போதும். நான் கடைக்காரரிடம் கொடுக்கும் அளவு இது, எல்லாம் 6 மில்லிமீட்டர் சாதாரணக் கண்ணாடி: அடித்தட்டு 610க்கு 305 மில்லிமீட்டர் ஒன்று, முன்னும் பின்னும் 610க்கு 380 இரண்டு, பக்கம் 291க்கு 380 இரண்டு. நாலு சுவரும் அடித்தட்டுக்கு மேலே நிற்கும், பக்கக் கண்ணாடிகள் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் செருகி நிற்கும். 305இல் இரண்டு கண்ணாடியின் தடிப்பு 12ஐயும், சிலிக்கனுக்கு 2ஐயும் கழித்ததுதான் அந்த 291. அங்குலத்தில் சொல்லாதீர்கள். நான் "பதினொன்றரை" என்று சொல்லி, இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று 3 மில்லிமீட்டர் வித்தியாசத்தில் வந்து சேர்ந்தது. சோடியாக இருக்க வேண்டிய துண்டுகளைக் கடையிலேயே ஒன்றின்மேல் ஒன்று வைத்து விரலால் விளிம்பைத் தடவிப் பாருங்கள். மூலைக்கு மூலையும் அளந்து பாருங்கள், இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் துண்டின் மூலைகள் நேராக வெட்டியிருக்கிறது. விளிம்பை உரசித் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விரல் போகும்.

சிலிக்கன் வாங்கும்போது ஹார்ட்வெயார்காரர் குளியலறைக்குப் போடுவதைத்தான் முதலில் நீட்டுவார். பூஞ்சணம் பிடிக்காது என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பூஞ்சணத்தைக் கொல்லும் மருந்து மீனையும் விடாது. வினாகிரி மணம் அடிக்கும் சாதாரணக் கண்ணாடிச் சிலிக்கன், மருந்து கலக்காதது, மீன் தொட்டிக்கு ஏற்றது என்று ரியூப்பிலேயே போட்டிருந்தால் இன்னும் நல்லது. இரண்டடித் தொட்டிக்கு ஒரு ரியூப் தாராளம்.

இனி அந்த முதல் தொட்டி. ஆனி மாதம், கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று அடிக்கிற நேரம். காலையில் ஒட்டினேன். மறுநாள் பின்னேரம் மச்சான் பொலித்தீன் பையில் பத்துக் கப்பி மீனோடு வந்து நிற்கிறார். "இண்டைக்கு விடாட்டி செத்துப்போம் மச்சான்" என்றார். வாளியில் விட்டிருக்கலாம். அந்த நேரம் வாளி ஞாபகம் வரவில்லை. தொட்டியை நிரப்பினேன். பின் மூலையில் அடியில் ஒரு துளி. துடைத்தேன், திரும்ப ஒரு துளி. வெளிப்பக்கமாக இன்னும் கொஞ்சம் சிலிக்கனை அப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். விடியப்புறம் அம்மா விறாந்தையில் நின்று கூப்பிடுகிறா: "தம்பி, நீ மீன் வளக்கப் போறியோ, என்னை வளக்கப் போறியோ? முழங்கால் நனையுது." முழங்கால் கொஞ்சம் மிகை. கணுக்கால்.

பிழை இரண்டு. சிலிக்கன் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்து வெளியிலிருந்து உள்ளே இறுகுவது. பத்து இருபது நிமிடத்தில் மேலே தோல் பிடித்துவிடும், தொட்டால் காய்ந்தது மாதிரித்தான் இருக்கும். உள்ளே ஒரு நாளைக்கு 2, 3 மில்லிமீட்டர்தான் இறுகும். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்ட சிலிக்கனுக்குக் காற்றுப் படவே வழியில்லை, அது கடைசியாகத்தான் இறுகும். தொட்டியைத் தாங்குவதும் அதுதான். இப்போது நான் ஏழு நாள் விடுகிறேன். மூக்கை உள்ளே விட்டால் வினாகிரி மணம் வந்தால் எட்டாம் நாளும் காத்திருப்பேன். இரண்டாவது பிழை அந்த அப்பல். இறுகிய சிலிக்கனில் புதுச் சிலிக்கன் ஒட்டாது. அதுவும் வெளியிலிருந்து பூசினால் உள்ளேயிருந்து வரும் தண்ணி அதைத் தள்ளி உரித்துவிடும். ஒழுகினால் வேறு வழியில்லை: தண்ணியை இறைத்து, உள் மூலையைப் பிளேட்டால் அடியோடு சுரண்டி, அசிட்டோன் போட்டுத் துடைத்து, உள்ளேயிருந்து புதிதாகப் பூச வேண்டும். மூட்டே விட்டிருந்தால் முழுத் தொட்டியையும் கழற்ற வேண்டும். நான் கழற்றினேன். கழற்றும்போது முன்கண்ணாடியின் மூலை உடைந்தது.

ஒட்டுகிற வேலை பெரிதல்ல, ஆயத்தம் செய்தால். கதவு யன்னலைச் சாத்துங்கள், காற்றாடியை நிறுத்துங்கள். கச்சான் புழுதி ஈரச் சிலிக்கனில் ஒட்டினால் அந்த மூட்டு அவ்வளவுதான். வெயில் ஏற முன் காலையில் தொடங்குங்கள், சூட்டில் தோல் சீக்கிரம் பிடிக்கும். ஒட்டும் விளிம்பெல்லாம் அசிட்டோனால் துடைத்தபின் கை படக்கூடாது. கூட ஒருவர் கட்டாயம் வேண்டும், பிடிக்க மட்டும். அடித்தட்டில் சிலிக்கனை விடுபடாத ஒரே கோடாக ஓட்டி முதலில் பின்கண்ணாடி, பிறகு பக்கங்கள், கடைசியாக முன்கண்ணாடி. ஒட்டுநாடாவால் மூலைகளை இழுத்துக் கட்டுங்கள். பலமாக அமுக்காதீர்கள். சிலிக்கன் முழுதும் பிதுங்கி வெளியே வந்து கண்ணாடியும் கண்ணாடியும் முட்டினால் மூட்டில் பிடிப்பே இல்லை. ஒரு மில்லிமீட்டர் அளவு நடுவில் நிற்க வேண்டும். அதே கையோடு உள் மூலைகளில் இன்னொரு கோடு ஓட்டி, பச்சைத் தண்ணியில் நனைத்த விரலால் ஒரே இழுப்பில் வழியுங்கள். இரண்டாம் தடவை வழிக்க ஆசை வரும். வழித்தால் அசிங்கமாகும்.

வைக்கும் இடம். அந்த 2 அடித் தொட்டி கண்ணாடி 13 கிலோ, தண்ணி 60, மணலும் சேர்த்தால் 85 கிலோ வரும். மேசனிடம் ரியூப் லெவல் இரவல் வாங்கி மட்டம் பாருங்கள். தொட்டிக்கு அடியில் அரை அங்குல ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) போடுங்கள், ஒரு மணல் பரல் அடியில் அகப்பட்டாலும் அடித்தட்டு வெடிக்கலாம். முதலில் முற்றத்தில் வைத்து, கீழே பேப்பர் விரித்து, இரண்டு நாள் தண்ணி நிறைத்துப் பாருங்கள். பேப்பர் எங்கே நனைந்ததென்று பார்த்தால் ஒழுக்கு எந்த மூலை என்று தெரியும்.

மணலுக்குக் கடற்கரைக்குப் போகாதீர்கள். சிப்பித் தூள் கலந்த மணல் தண்ணியின் கடினத்தைக் கூட்டும். மகாவலி ஆற்று மணலை அலசிப் போடுங்கள். சந்தேகமென்றால் ஒரு பிடியில் வினாகிரி விட்டுப் பாருங்கள், நுரைத்தால் அது தொட்டிக்கு ஆகாது. கந்தளாயிலிருந்து வரும் குழாய்த் தண்ணியைக் குளோரின் போக ஒரு நாள் திறந்த வாளியில் வையுங்கள். கரையோரக் கிணற்றுத் தண்ணி என்றால் கண்ணாடியில் வெள்ளைக் கோடு விழும், அதற்குக் கப்பி, மொலி மீன்கள் பொருத்தம். நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவிலிருந்து ஒரு கடல் மீன் பிடித்து வரலாமே என்று யாராவது சொல்வார்கள். 2003இலிருந்து அது தேசிய பூங்கா, பவளத் துண்டைக்கூட எடுக்கக்கூடாது. கடல் மீனுக்கு வேண்டிய தொட்டியும் வேறு.

மலிவா என்றால், 2 அடியில் பெரிய லாபம் இல்லை. சிலிக்கன், அசிட்டோன், பிளேட், கடைக்கு இரண்டு தரம் ஓட்டோ என்று கணக்குச் சரியாகிவிடும். 3 அடிக்கு மேலே போனால் மிச்சம் தெரியும். எனக்கு லாபம் வேறு இடத்தில் வந்தது: எங்கள் யன்னல் மூலைக்குப் பொருந்துகிற 26 அங்குலத் தொட்டி எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.

மூலை உடைந்த அந்த முன்கண்ணாடி இன்னும் வீட்டில் இருக்கிறது. வடகம் காயப்போடும்போது காகம் வராமல் சுளகுக்கு மேலே அதைத்தான் அம்மா மூடி வைப்பா.