பி.எச்.சி. வாசலில் ஊராட்சித் தலைவருக்கு என்ன வேலை?

உள்ளாட்சியும் ஆஸ்பத்திரியும் சம்பந்தப்பட்ட கேள்விகள் இந்த முறை நிறைய வந்துவிட்டன. சுகாதார ஆய்வாளராகச் சேர்ந்து, வட்டார மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவன் என்பதால் எல்லாவற்றையும் என் பக்கம் தள்ளிவிட்டார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

தென்காசி மாவட்டத்தில் ஊராட்சித் தலைவராக இருக்கிறேன். எங்கள் பி.எச்.சி.க்கு (ஆரம்ப சுகாதார நிலையம்) டாக்டர் பதினோரு மணிக்குத்தான் வருகிறார். வருகைப் பதிவேட்டைக் கேட்டால், "உங்களிடம் காட்ட வேண்டியதில்லை" என்கிறார்கள். ஆஸ்பத்திரி ஊராட்சிக்குக் கீழே என்று அரசியல் சட்டத்திலேயே இருக்கிறதாமே?

இருக்கிறது. 73ஆவது திருத்தத்தோடு வந்த 11ஆவது அட்டவணையில் 29 இனங்கள் உண்டு. 23ஆவது இனத்தில் சுகாதாரம், துப்புரவு, ஆஸ்பத்திரி, ஆரம்ப சுகாதார நிலையம், மருந்தகம் எல்லாம் பெயர் சொல்லியே வருகின்றன. ஆனால் அந்த அட்டவணையைத் தூக்கிக்கொண்டு பி.எச்.சி.க்குப் போய்விடாதீர்கள். இந்த அதிகாரங்களை மாநிலச் சட்டமன்றம் ஊராட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்றுதான் 243ஜி பிரிவு சொல்கிறது. அந்த 'லாம்' என்பதில்தான் எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கிறது.

உங்கள் ஊரிலிருந்து செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுக்குப் போனால் கதையே வேறு. கேரளத்தில் தொண்ணூறுகளின் நடுவிலேயே பி.எச்.சி.யைக் கிராமப் பஞ்சாயத்திடமும், மாவட்ட ஆஸ்பத்திரியை மாவட்டப் பஞ்சாயத்திடமும் ஒப்படைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி நிர்வாகக் குழுவுக்குப் பஞ்சாயத்துத் தலைவர்தான் தலைவர். கட்டடம், உபகரணம், கூடுதல் மருந்து என்று பஞ்சாயத்து தன் திட்டப் பணத்தைப் போடுகிறது. அங்கேயும் டாக்டருக்குச் சம்பளமும் மாறுதலும் மாநிலத் துறை கையில்தான் என்பதால் இழுபறி இல்லாமல் இல்லை. இருந்தாலும் பஞ்சாயத்துக் கூட்டத்துக்கு டாக்டர் வந்து பதில் சொல்வது அங்கே வழக்கமாகிவிட்டது.

நம் பக்கம் பி.எச்.சி. பொது சுகாதாரத் துறைக்குக் கீழே இருக்கிறது. டாக்டருக்கு மேலே வட்டார மருத்துவ அலுவலர், அவருக்கு மேலே மாவட்ட சுகாதார அலுவலர். இந்த ஏணியில் ஊராட்சித் தலைவருக்குப் படி கிடையாது. அதனால் பதிவேட்டைக் காட்ட மாட்டேன் என்று அவர்கள் சொன்னது, பேச்சு முரடாக இருந்தாலும், விதிப்படி தப்பில்லை.

சரி, என்னதான் செய்வது? முதலில், டாக்டர் உண்மையிலேயே தாமதமாகத்தான் வருகிறாரா என்று பாருங்கள். பள்ளி முகாம், துணை சுகாதார நிலைய நாள், மாவட்டக் கூட்டம் என்று அவர்களுக்கு வெளி வேலை நிறைய. மாதத்துக்கான பயணத் திட்டம் முன்கூட்டியே போடப்பட்டிருக்கும். அதை வட்டார மருத்துவ அலுவலரிடம் கேளுங்கள். பிறகு ஒரு நோட்டு எடுத்து இரண்டு வாரத்துக்குத் தேதி, நேரம், காத்திருந்தவர்கள் எண்ணிக்கை மூன்றையும் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்போடு வட்டார மருத்துவ அலுவலருக்கு ஒரு கடிதம், மாவட்ட சுகாதார அலுவலருக்கு ஒரு நகல். பதில் வராவிட்டால் ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. வருகைப் பதிவேட்டின் நகலை அதில் கேட்கலாம். லீவு எடுத்த காரணம் மாதிரி சொந்த விவரங்களைக் கேட்காதீர்கள், அதையே சாக்காக வைத்து மொத்த மனுவையும் தள்ளிவிடுவார்கள்.

ஆள் சேர்த்துக்கொண்டு போய்ச் சத்தம் போடுவது மட்டும் வேண்டாம். மருத்துவப் பணியாளர் பாதுகாப்புக்கு 2008இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. தள்ளுமுள்ளு ஆகிவிட்டால் ஜாமீனில் வர முடியாத வழக்கு. அதற்கப்புறம் டாக்டர் எத்தனை மணிக்கு வந்தார் என்பதை யாரும் பேச மாட்டார்கள்.

கிராம சுகாதாரக் குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வருகிறது என்கிறார்கள். எங்கள் ஊரில் அப்படி ஒரு குழு இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. (விழுப்புரம் மாவட்ட வாசகி)

அநேகமாகக் காகிதத்தில் இருக்கும். கிராம சுகாதாரம், குடிநீர், துப்புரவுக் குழு என்று பெயர். ஊராட்சித் தலைவரும் கிராம சுகாதார செவிலியரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும். தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் வழியாக வரும் நிபந்தனையில்லா நிதி இது. ஆண்டுக்கு 10,000 வரை, முந்தைய பணத்தைச் செலவழித்துக் கணக்குக் கொடுத்தால்தான் அடுத்தது.

'நிபந்தனையில்லா' என்ற பெயரைப் பார்த்துவிட்டு இதில் தெருவிளக்கு வாங்கிய ஊர்களும் உண்டு. தெருவிளக்கு, சாக்கடை, குப்பை அகற்றுவது எல்லாம் 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 110ஆவது பிரிவுப்படி ஊராட்சியே செய்ய வேண்டிய கடமை, அதற்கு ஊராட்சிப் பணம் இருக்கிறது. இந்தப் பத்தாயிரம், காய்ச்சல் பரவும்போது வீடு வீடாகக் கொசுப்புழு ஒழிக்க ஆள் போடவும், இல்லாதப்பட்டவரை அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வண்டி வாடகைக்கும், எடை பார்க்கும் கருவி பழுதானால் சரிசெய்யவும்தான். தொகை சின்னதுதான். ஆனால் யாரிடமும் ஃபைல் தூக்கிப் போகாமல் ஊரிலேயே முடிவெடுத்துச் செலவழிக்கக்கூடிய சுகாதாரப் பணம் இது ஒன்றுதான்.

உங்கள் ஊர் செவிலியரிடம் குழுவின் தீர்மானப் புத்தகத்தைக் கேளுங்கள். அவரைக் குற்றவாளி மாதிரி கேட்காதீர்கள். தலைவர் கையெழுத்துக்காக அலைந்து அலைந்து, கடைசியில் தன் கைக்காசைப் போட்டுப் பிளீச்சிங் பவுடர் வாங்கிய செவிலியர்களை எனக்குத் தெரியும்.

மூன்று கிராம சபையில் தொடர்ந்து தீர்மானம் போட்டும் எங்கள் பி.எச்.சி.யில் இரவு நேரத்தில் பிரசவம் பார்ப்பதில்லை. தீர்மானத்துக்கு மதிப்பே இல்லையா?

உங்கள் தீர்மானத்தின் வாசகத்தை அனுப்பியிருந்தீர்கள்: "பொதுமக்கள் நலன் கருதி மருத்துவ வசதிகளை மேம்படுத்த அரசைக் கேட்டுக்கொள்வதெனத் தீர்மானிக்கப்பட்டது." கோபப்படாதீர்கள், இந்த ஒரே வரியை நான் வேலையில் இருந்த காலத்தில் எத்தனை ஊர்களிலிருந்து பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒரு அலுவலகத்தில் இவற்றுக்கென்றே தனிக் கட்டு இருந்தது. கட்டு தடிமனானதும் பரணுக்குப் போகும். நானும் இரண்டு தடவை ஏற்றி வைத்திருக்கிறேன்.

படிப்பவர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்கிற மாதிரி எழுத வேண்டும். கடந்த ஒரு வருடத்தில் உங்கள் ஊரிலிருந்து இரவில் பிரசவ வலியோடு போனவர்கள் எத்தனை பேர், அதில் எத்தனை பேரை 108இல் ஏற்றி அடுத்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், எவ்வளவு தூரம்? பி.எச்.சி.யில் அனுமதிக்கப்பட்ட செவிலியர் பணியிடம் எத்தனை, காலி எத்தனை? இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்க வேண்டுமானால் மூன்று ஷிஃப்டுக்கும் செவிலியர் வேண்டும். இரண்டு பேரை வைத்துக்கொண்டு அந்த அம்மாக்கள் தூங்காமலா இருப்பார்கள்? பெரும்பாலும் இரவுப் பிரசவம் நிற்பதற்குக் காரணம் இதுதான், சோம்பேறித்தனம் இல்லை. தீர்மானத்தில் "செவிலியர் காலியிடத்தை இந்தத் தேதிக்குள் நிரப்ப வேண்டும், அதுவரை மாற்றுப் பணியில் ஒருவரை அனுப்ப வேண்டும்" என்று கேளுங்கள். கலெக்டருக்கும் மாவட்ட சுகாதார அலுவலருக்கும் தனித்தனியாக அனுப்பி ஒப்புகை வாங்குங்கள். அடுத்த கிராம சபையில் "போன தீர்மானத்துக்கு வந்த பதில்" என்பதையே முதல் பொருளாக வையுங்கள்.

குறைவெண் வரம்பையும் (கிராம சபை செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பது) பார்த்துக்கொள்ளுங்கள். 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ஆள் குறைந்தால் தீர்மானத்தைத் தள்ள அதுவே போதும்.

"மாத்திரை ஸ்டாக் இல்லை, வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சர்க்கரை நோயாளிகளை அனுப்பிவிடுகிறார்கள். ஊராட்சி வாங்கிக் கொடுக்கலாமா?

வேண்டாம். மருந்து வாங்குவதில் தமிழ்நாடு பிற மாநிலங்களுக்கே பாடம் நடத்திய மாநிலம். மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கியது. மாவட்டக் கிடங்குகளில் மருந்து இருக்கும், ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ் புத்தகம், அதில் இத்தனை ரூபாய்க்கு என்று ஒதுக்கீடு. தேவையைப் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஆஸ்பத்திரியின் பொறுப்பு. ஆகவே ஸ்டாக் இல்லை என்று சொன்னால் கேள்வி இரண்டு. கிடங்கிலேயே இல்லையா, அல்லது இவர்கள் இண்டென்ட் (மருந்து கேட்டு எழுதும் பட்டியல்) போடவில்லையா? முதலாவது என்றால் மாவட்டப் பிரச்சினை. இரண்டாவது என்றால் உங்கள் பி.எச்.சி. மருந்தாளுநரோடு பேசியே தீர்க்கலாம், அவர் பெரும்பாலும் இரண்டு மூன்று நிலையங்களைச் சேர்த்துப் பார்ப்பவராக இருப்பார். அவசரத்துக்கு நோயாளர் நலச் சங்கப் பணத்திலும் வாங்க முடியும். பி.எச்.சி. அளவில் அதற்கு ஆண்டுக்கு 1.75 லட்சம் வரை வரும். அந்தச் சங்கத்தில் உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் இடம் உண்டு. கடைசியாக எப்போது கூட்டம் நடந்தது என்று கேட்டுப் பாருங்கள், பலருக்கு வியர்க்கும்.

நான் நகராட்சிக் கவுன்சிலர். எங்கள் ஊர் ஜி.எச்.சில் (அரசு ஆஸ்பத்திரி) கழிப்பறை படுமோசம். கவுன்சிலர் என்ற முறையில் ஆய்வு செய்ய முடியுமா?

வாசல் வரைக்கும் உங்களுடையது, உள்ளே போனால் அவர்களுடையது. தாலுகா, மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் துறையில் வருகின்றன, மாவட்டத்தில் இணை இயக்குநர்தான் பொறுப்பு. நகராட்சிக்கு 12ஆவது அட்டவணையின் 6ஆவது இனம் பொது சுகாதாரத்தைத் தருகிறது, அதில் ஆஸ்பத்திரி என்ற சொல் கிடையாது. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் உங்களுக்குப் பிடி கொஞ்சம் அதிகம்.

ஆனால் கழிப்பறை மோசமாக இருப்பதற்குத் தண்ணீர் வராததும் பாதாளச் சாக்கடை அடைப்பும் காரணமென்றால்? அது நகராட்சி வேலை! போய்க் கேட்பதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு எத்தனை நாளைக்கு ஒரு முறை தண்ணீர் விடுகிறீர்கள் என்று உங்கள் பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் தலைமை மருத்துவர் அந்தக் கேள்வியை உங்களிடமே திருப்பிவிடுவார்.

ஏரிக்கரையில் ஊசியும் சிரிஞ்சும் கொட்டிக் கிடக்கின்றன. பக்கத்துத் தனியார் கிளினிக் வேலை என்று சந்தேகம்.

கையால் தொடாதீர்கள், தூய்மைப் பணியாளரை வைத்து அள்ளவும் சொல்லாதீர்கள். தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி மருத்துவக் கழிவு வீட்டுக் குப்பையோடு சேரவே கூடாது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரித்து, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும், 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. பைகளில் பார்கோடு இருந்தால் எந்தக் கிளினிக் என்று தெரிந்துவிடும், அதைப் படத்தில் பிடியுங்கள். புகார் மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கு. கிளினிக்கின் பதிவு இணை இயக்குநரிடம் இருக்கும், 1997ஆம் ஆண்டுத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பதிவு கட்டாயம். அவருக்கும் ஒரு நகல். ஊராட்சியும் 1939ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டத்தைக் காட்டி நோட்டீஸ் விடலாம்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். உள்ளாட்சியிடம் ஆஸ்பத்திரிகள் எப்போதாவது இருந்தனவா?

உங்கள் தாத்தாவிடம் "ஜில்லா போர்டு ஆஸ்பத்திரி" என்று சொல்லிப் பாருங்கள். மதராஸ் மாகாணத்தில் ஜில்லா போர்டுகளும் தாலுகா போர்டுகளும் ஆஸ்பத்திரி, மருந்தகம் நடத்தின, சாலை போட்டன, பள்ளி வைத்தன. நாட்டிலேயே முதலாவதாக இங்கே வந்த 1939ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டமும் உள்ளாட்சியை நம்பித்தான் எழுதப்பட்டது. 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஜில்லா போர்டுகளை எடுத்துவிட்டு ஊராட்சி ஒன்றியங்களைக் கொண்டுவந்தது. ஒன்றியத்தின் கடமைப் பட்டியலில் மருந்தகமும் தாய்சேய் நல விடுதியும் இன்றைக்கும் சட்டப் புத்தகத்தில் இருக்கின்றன. நடைமுறையில் ஆளும் பணமும் துறைக்குப் போய்விட்டன. அதனால் நமக்கு ஒரே மாதிரியான, ஒழுங்கான பி.எச்.சி. வலை கிடைத்தது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஊர்க்காரர் கேட்டால் பதில் சொல்லும் பழக்கம் அந்த மாற்றத்தில் போய்விட்டது என்பது என் வருத்தம்.

எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தில் இப்போது தலைவரே இல்லை. யாரிடம் கேட்பது?

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்ததிலிருந்து உங்கள் ஊராட்சிகளில் தலைவருக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்தான். 2016க்கும் 2019க்கும் நடுவிலும் இதே நிலைதான் இருந்தது. ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் தன் ஒன்றியத்தின் ஊராட்சிகள் அத்தனையையும் பார்த்துக்கொண்டு, உங்கள் ஊர் சுகாதாரக் குழுவையும் கூட்டுவார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் கிராம சபை நிற்கவில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஆறு நாளில் அடுத்து வருவது எதுவோ, அதற்கு ஒரு வாரம் முன்பே உங்கள் கேள்வியை ஊராட்சிச் செயலரிடம் எழுத்தில் கொடுத்து, பொருள் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். கிராம சுகாதார செவிலியரையும் அன்றைக்கு வரச் சொல்லுங்கள். அவர் வந்து உட்கார்ந்தால் பாதி விவரம் அங்கேயே தெரிந்துவிடும்.